உலைக்குப் போகாத அரிசி

உலைக்கு அரிசி அளந்தாகிவிட்டது. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கு, திடீரென்று யாராவது வந்து நின்றால் என்று கூடக் கொஞ்சம். களைவதற்குத் தண்ணீர் ஊற்றும் முன், அந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் தனிச் சட்டியிலோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ போட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் பிடியரிசிக் காணிக்கை. சிலர் ஒரு வரி ஜெபம் சொல்வார்கள். பலர் 'ஸ்தோத்திரம்' என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மூட்டையிலிருந்தே ஒரு பிடி எடுத்திருக்கலாம். யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. ஆனால் அளந்த அரிசியிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அதனால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரோ ஒருவர் இரண்டு கவளம் குறைத்துச் சாப்பிட்டாக வேண்டும். அது யார் என்பதை ஊகிக்க ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர்தான்.

ஒரு பெண்ணின் கைக்குள் நாற்பது ஐம்பது கிராம் அரிசி அடங்கும். இரண்டு வேளை பொங்குகிற வீட்டில் மாதம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேரும். நூறு வீடு உள்ள சபை என்றால் மாதம் நாலு மூட்டை வரை வரும். பெரிய கை உள்ளவர், சின்னக் கை உள்ளவர், விரலை இறுக்கி எடுப்பவர், தளர்த்தி எடுப்பவர் என்று வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்க முடியாது. சாக்கில் கொட்டியபின் யாருடைய அரிசி எது என்று கடவுளைத் தவிர வேறு யாரும் பிரித்துச் சொல்லவும் முடியாது.

இந்தப் பிடியரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் ஒரு பைசாவும் எடுத்து வைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. வாசலுக்கு வருகிறவருக்கு ஒரு பிடி போடுவது அதற்கும் முந்திய பழக்கம். கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போன பாதை வேறு. எனக்கு அந்தப் பாதையில்தான் ஆர்வம்.

வேதாகமத்தில் இதற்கு மூதாதைகள் இருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் எலியா சாறிபாத் ஊருக்குப் போகிறார். விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் அப்பம் கேட்கிறார். பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அதைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகப் போகிறேன் என்கிறாள் அவள். அந்த மாவில் முதல் அடையைத் தனக்குச் சுடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. முதல் வாசிப்பில் எரிச்சல் வராமல் இருக்காது. பிறகு பவுல் வருகிறார். எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் திரட்டுகிறார். நான் வரும்போது பரபரப்பாக வசூல் வேண்டாம், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்கு ஏற்றபடி எடுத்து வையுங்கள் என்று எழுதுகிறார். அந்தக் கொரிந்தியருக்கு அவர் முன்மாதிரியாகக் காட்டியது மக்கெதோனியா சபைகளை. அவர்கள் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். கொடுக்க அனுமதி தாருங்கள் என்று அவர்களே வற்புறுத்திக் கேட்டார்களாம். ஏழை கொடுப்பதற்காக மன்றாடுகிறான் என்ற அந்தச் செய்தியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கத்தில் இந்த அரிசி ஒரு பெரிய வேலையைச் செய்த முதல் இடங்களில் ஒன்று கேரளத்தின் மான்னானம். கோட்டயத்துக்கு அருகில் இருக்கிறது. குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவரா என்ற பாதிரியார் 1861இல் சீரோ மலபார் கத்தோலிக்கருக்கு விகார் ஜெனரல் ஆனார். ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1864இல் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடம் திறப்பது எளிது, பிள்ளைகளை உட்கார வைப்பதுதான் கடினம். வயலில் கூலி வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு மத்தியானப் பசி வந்தால் எழுத்து எப்படி ஏறும்? சாவரா வீடுகளுக்குப் 'பிடியரி' சொன்னார். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள், வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். அந்த அரிசி பிள்ளைகளுக்கு மதிய உணவானது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியார் மதிய உணவு போட்டது 1920இல், காமராஜர் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தது 1956இல். அரசாங்கக் கஜானாவுக்கு முன்னால் அடுப்படிக் கஜானா இந்த வேலையைச் செய்துவிட்டது. சாவராவை 2014 நவம்பரில் போப்பாண்டவர் புனிதராக அறிவித்தார். பிடியரி போட்ட பெண்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை, இருக்கவும் வழியில்லை.

மலை தாண்டி இந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் கதை வேறு மாதிரி. தேரிக்காட்டுச் செம்மணலில் அரிசியே அபூர்வம். கம்பும் சோளமும் பனங்கிழங்கும் சாப்பிட்டுப் பனையேறிய குடும்பங்களுக்கு நெல்லுச்சோறு பண்டிகைச் சாப்பாடு. அங்கே சபைகள் எழும்பியபோது கோயில், பள்ளிக்கூடம், உபதேசியார் சம்பளம் எல்லாவற்றுக்கும் காசு கடல் கடந்துதான் வந்தது. டோனாவூர் என்ற ஊர்ப்பெயரையே பாருங்கள். களக்காட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் கொடுத்தவர் பிரஷ்யாவின் டோனா பிரபு. தன் பெயர் வைத்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் கொடை நல்ல கொடைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று வாங்கிக்கொண்டே இருந்தால் வாங்குகிறவன் கைக்கு ஒரு வளைவு வந்துவிடுகிறது.

இதை எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அந்த ஊர் குருவானவரின் மகன். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மற்ற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் அவர்களைவிட எத்தனையோ மடங்கு கிறிஸ்தவர்கள் இருந்தும் அப்படி ஒன்று நடக்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுக் காசை எதிர்பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். கருப்பட்டி விற்ற காசும், பிடி பிடியாகச் சேர்ந்த தானியமும், சங்கக் காணிக்கையும் சேர்ந்து நிஜாம் அரசில் தோர்ணக்கல் என்ற ரயில் சந்திப்புக்குத் தமிழ் ஊழியர்களை அனுப்பின. அசரியாவே 1909இல் தெலுங்கு படித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வெள்ளைக்காரப் பெருந்தலைகள் நிறைந்த மண்டபத்தில், முப்பத்தாறு வயதுகூட ஆகாத இந்தத் தமிழர் பேசினார். நீங்கள் செய்த தியாகத்துக்கும் கொடுத்த பொருளுக்கும் இந்தியச் சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும், ஆனால் நாங்கள் இன்னொன்றும் கேட்கிறோம், எங்களைச் சிநேகிதராக நடத்துங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். சிலருக்கு முகம் சுளித்தது. நன்றி சொல்ல வந்தவன் இப்படிப் பேசலாமா என்ற சுளிப்பு அது. எனக்கு அந்தப் பேச்சும் அடுப்படிச் சட்டியும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகின்றன. எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவன் சிநேகிதனாக முடியாது. அவனும் கொடுத்தாக வேண்டும்.

அசரியா 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். அவருடைய தோர்ணக்கல் மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதியினர். பிறர் நிலத்தில் உழைத்து, கிடைத்த கூலித் தானியத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று யாருக்கும் தோன்றும். அசரியா கேட்டார். பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி தானியம் எடுத்து வைத்தார்கள். அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் சோளமும் கோழியும் ஆடும் பூசணிக்காயும் கொண்டுவந்தார்கள். ஊர்ச்சாவடியில் உட்காரவும் இடம் கிடைக்காதவர், தன் கோயிலில் கொடுப்பவராக முன்னால் நடந்து வந்தார். அந்த நடை அவர்கள் தெருவில் நடந்த நடையாக இருந்திருக்காது. தோர்ணக்கலில் கோபுரமும் குவிமாடமும் கலந்து ஒரு பேராலயம் நிற்கிறது. கட்டத் தொடங்கியது 1914இல், பிரதிஷ்டை ஆனது 1939 ஜனவரி 6 அன்று. நடுவில் கால் நூற்றாண்டு. பிடி பிடியாகக் கொடுப்பவர்களின் கோயில் அந்த வேகத்தில்தான் எழும்பும். கொடுத்தலைப் பற்றி அசரியா பிற்காலத்தில் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார்.

இனி அரிசி காசாகிற இடத்துக்கு வருவோம். பிடியரிசியை அப்படியே மிஷனெரிக்கு அனுப்ப முடியாது, விற்றாக வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஸ்தோத்திரப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை நாட்களில் களைகட்டும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே ஏலம் தொடங்கும். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிப்போட்ட சேவல், முருங்கைக்காய்க் கட்டு, ஒரே ஒரு முட்டை. ஏலம் விடுகிறவருக்கு நல்ல தொண்டையும் கொஞ்சம் குசும்பும் வேண்டும்.

"சேவலப் பாத்துக்கிடுங்க, ஐயர் வீட்டுச் சேவல், ஜெபத்துக்கு எழுப்பி விடும்... ஐநூறு ஒரு தரம். என்ன அண்ணாச்சி, மகன் சிங்கப்பூர்ல இருக்கான், ஐநூறுல நிக்கலாமா?"

அண்ணாச்சி ஆயிரம் என்பார். மைத்துனர் ஆயிரத்து ஐநூறு என்பார். வாங்கியவர் சேவலை எடுத்துக்கொண்டு போவதும் உண்டு, "திரும்பக் கோயிலுக்கே" என்று விட்டுவிடுவதும் உண்டு. விட்ட சேவல் மறுபடி ஏலத்துக்கு வரும். ஓர் எலுமிச்சம்பழம் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து அதை விளைவித்த மரத்தின் விலையையே தாண்டிவிடும். கைத்தட்டல், சிரிப்பு, கொஞ்சம் வீம்பு, பழைய பகையில் ஒருவர் விலையை ஒருவர் ஏற்றிவிடுவது எல்லாம் இதில் உண்டு. வீம்பில் வந்த காசும் ஊழியத்துக்குத்தான் போகிறது என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள்.

பிடியரிசி மூட்டைகள் இந்த ஆரவாரத்தில் கலந்துகொள்வதில்லை. கூட்டம் கலைந்து, பந்தல்காரன் கயிறு அவிழ்க்கத் தொடங்கும்போது ஓரமாகத் தராசில் ஏறும். போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். காரணம் எளியது. அந்த மூட்டையில் பொன்னி இருக்கும், ரேஷன் அரிசி இருக்கும், புழுங்கலும் பச்சரிசியும் சேர்ந்து கிடக்கும். சோறு பொங்கினால் பொன்னி குழைந்து கஞ்சியாகிவிடும், ரேஷன் அரிசி இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கும். கையில் அள்ளிப் பார்த்தாலே தெரியும். நீளம், குட்டை, வெள்ளை, மஞ்சள், நடுவே ஒரு கறுப்புக் கல், ஒரு வண்டு. சாப்பாட்டுக்கு ஆகாது என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். இட்லிக்கு ஊறப்போடலாம் என்று யாராவது ஒரு கைவண்டி இட்லிக்காரம்மா குறைந்த விலைக்கு எடுத்துப் போவார். மீதி கோழிக்கு. சேவலுக்குக் கைத்தட்டல், சேவலுக்கான தீனிக்கு மௌனம். ஆனால் சபைக் கணக்கில் ஆண்டு முழுவதும் தவறாமல் வருகிற வரிகளில் ஒன்று இந்தத் தீனிதான்.

எடின்பரோவில் அசரியா பேசிய அதே 1910ஆம் ஆண்டில், இந்தியாவின் இன்னொரு கோடியில், மிசோ மலைகளில் இந்தப் பிடி தொடங்கியது. அங்கே அதன் பெயர் புஃபாய் தாம். முதல் மிஷனெரிகளான லொரெய்னும் சாவிட்ஜும் அந்த மலைகளுக்கு வந்தது 1894 ஜனவரியில். எழுத்தில்லாத மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின் வேல்ஸ் நாட்டிலிருந்து பிரெஸ்பிடேரியன் மிஷனெரிகள் வந்தார்கள். அவர்களை அனுப்பியவர்களும் பெரும் பிரபுக்கள் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்திலும் கல்குவாரியிலும் வேலை செய்த வேல்ஸ் சபையார் சில்லறை போட்டு அனுப்பினார்கள்.

காட்டை வெட்டி எரித்து, மலைச்சரிவில் விதைத்துச் சாப்பிட்ட மிசோ குடும்பங்களிடம் காசு இல்லை. அரிசி இருந்தது. மிசோக்கள் காலையில் ஒரு சோறு, சாயங்காலம் இருட்டுவதற்கு முன் ஒரு சோறு என்று இரண்டு வேளை பொங்குகிறவர்கள். எனவே நாளுக்கு இரண்டு பிடி. சபைப் பெண்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிடும் கூடையில் அரிசியைச் சுமந்து மலையேறி இறங்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

தொடங்கிய கையோடு சோதனையும் வந்தது. மிசோ மலைகளில் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, காய்த்து, மடியும். காய்த்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலில் இறங்கும். மௌதாம் என்று அந்தப் பஞ்சத்துக்குப் பெயர். 1911, 12இல் அது வந்தது. எலி தின்றது போக மிஞ்சிய அரிசியிலிருந்து ஒரு பிடி என்பது சாறிபாத் விதவையின் பானைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விடுகிறது. மறுபடி 1959ஐ ஒட்டி மூங்கில் பூத்தது. பட்டினியை அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் கட்சியாகி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாகவும் ஆனது. மக்கள் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்டு ராணுவக் காவலில் குடியமர்த்தப்பட்டார்கள். 1960களின் இறுதியில் வெளிநாட்டு மிஷனெரிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. கடல் கடந்து வந்த கை எடுக்கப்பட்டபோது மிசோ சபை விழவில்லை. அதற்குள் அந்த மலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நாளுக்கு இரண்டு பிடி பழகியிருந்தது.

மிசோரத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் கிறிஸ்தவர்கள் என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஐசால் நகரத்து மாடிவீட்டுச் சமையலறைகளிலும் சாப்பாட்டு அரிசிக்கு ஒரு டப்பா, பக்கத்தில் புஃபாய் தாமுக்கு ஒரு டப்பா என்று இருக்கும். மந்திரி வீட்டிலும் உண்டு, முதுகில் மூட்டை தூக்குகிறவர் வீட்டிலும் உண்டு. விறகும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்த அரிசியைச் சபையே விற்கிறது. வாங்குகிறவர்களும் சபையார்தான். ஞாயிற்றுக்கிழமை கொடுத்த அரிசி திங்கட்கிழமை இன்னொரு வீட்டின் சட்டிக்குப் போகிறது. அங்கே அதிலிருந்து மறுபடி ஒரு பிடி எடுக்கப்படுகிறது. இதில் வேடிக்கை, மலையில் விளையும் நெல் மிசோரத்துக்குப் போதாது. பஞ்சாபிலோ ஆந்திராவிலோ விளைந்து, லாரி ஏறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்த அரிசியைத்தான் பலர் பொங்குகிறார்கள். அதிலிருந்து எடுத்த பிடி காசாகி, ஊழியராகவும் பள்ளிக்கூடமாகவும் சமவெளி மாநிலங்களுக்கே திரும்பிப் போகிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏழையிடம் கேட்கலாமா? கொடுப்பதில் அவனுக்கு மானம் கிடைக்கிறது என்று மேலே நானே எழுதினேன், அது உண்மையும்கூட. ஆனால் அந்த வாதத்தை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் யோக்கியதை. இரண்டு காசு போட்ட விதவையின் கதையை எல்லா ஸ்தோத்திரப் பண்டிகையிலும் பிரசங்கிப்பார்கள். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு சாடுகிறார். உடனே அடுத்த காட்சியில் அந்த விதவை தன் கடைசிக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். பக்கத்தைப் புரட்டினால், இந்தப் பெரிய ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்கிறார். மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் உள்ளதை மட்டும் கத்தரித்து எடுத்துப் பிரசங்கிப்பது வசூலுக்கு வசதி, வேதத்துக்கு நியாயம் இல்லை.

அதனால்தான் பிடியரிசியின் பயணத்தில் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மான்னானத்தில் அது பசித்த பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. எடுக்கிறவள் பெண், சுமக்கிறவள் பெண், அளக்கிறவள் பெண். காசானபின் அதைச் செலவழிக்கும் கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று நம் சேகரங்களில் எண்ணிப் பார்த்தால் பல இடங்களில் ஒரு கை விரலே அதிகம். கோபுரத்துக்கு இன்னும் பத்தடி உயரம், வாசலுக்குக் கிரானைட் என்று தீர்மானம் போடுகிறவர்கள், அந்தப் பத்தடியில் எத்தனை கவளம் இருக்கிறது என்று ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம். எங்கள் ஊர்களில் மின்விசிறியின் இறக்கையில் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். மூன்று இறக்கைக்கும் மூன்று பெயர், ஓடும்போது மட்டும் படிக்க முடியாது என்பது ஒரு நிம்மதி. குழல்விளக்கில் எழுதிய பெயர் வெளிச்சத்தைப் பாதி மறைக்கும். அரிசியில் பெயர் எழுத முடியாது என்பதால் கிரானைட் பலகையிலும் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

இப்போது பிடியரிசிக்கே ஆபத்து வந்துவிட்டது. குக்கர் வந்தபின் அளவு டம்ளர் வந்தது. பட்டணத்துச் சபைகளில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு நிற்கிறது. கலந்த அரிசியை விற்கிற தலைவலி யாருக்கு என்று பல இடங்களில் அரிசிக்குப் பதில் கவர் கொடுத்துவிட்டார்கள். மேலே 'பிடியரிசிக் காணிக்கை' என்று அச்சடித்திருக்கும், உள்ளே ரூபாய் போட வேண்டும். நடைமுறைக்கு இது நல்லதுதான், வண்டு விழாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொல்லிக் கவர் கொடுக்கப் போன செயலாளர் பெண் ஒரு பெரியம்மாவிடம் மாட்டிக்கொண்டாள். எழுபது வயதுக்கு மேல், பிடியரிசி எடுத்தே பழகிய கை.

"பெரியம்மா, இனிம அரிசி வேண்டாம். மாசம் அம்பது ரூவா கவர்ல வச்சு மடிச்சுத் தந்தாப் போதும்."

"அரிசி இப்ப என்ன வெலை விக்கிட்டி?"

"கிலோ அறுவது."

"அப்ப அம்பது ரூவாய்க்கு எத்தனை பிடி வரும்?"

செயலாளர் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பிடிக்கு நாற்பத்தைந்து கிராம் என்றால் பதினெட்டு.

"நாளைக்கு ரெண்டு பிடி. அப்ப ஒம்பது நாளு ஆச்சு" என்றார் பெரியம்மா. "மிச்சம் இருவத்தோரு நாளைக்கு நான் என்னட்டி செய்ய?"